குடியை நிறுத்தியதை இந்த ஊர்க் கோர்ட்டுக்கு எப்படிக் காட்டுவது?

தம்பி, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கலிஃபோர்னியா வந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவி பிரிந்துபோய் மகளின் கஸ்டடிக்கு, அதாவது அவளைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமைக்கு, மனு போட்டிருக்கிறார், அதில் உங்கள் குடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நீங்கள் நிறுத்தி நாலு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் உங்கள் வக்கீல், மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு கருவியில் தினமும் ஊதச் சொல்கிறார். "நான் என்ன குற்றவாளியா அக்கா, இதுக்குச் சம்மதிக்கணுமா?" என்று கேட்கிறீர்கள். சம்மதியுங்கள். நீதிபதி உத்தரவு போடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களாகவே முன்வந்து சம்மதியுங்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. இங்கே குடியேறிய பிறகு நம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் துணையாகக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்வந்திருக்கிறேன். வக்கீல் இல்லை. கண்ணால் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன், முடிவை உங்கள் வக்கீலோடு பேசி எடுங்கள்.

நம் ஊரில் ஒருவர் குடியை விட்டால் கோயிலில் வைத்துக் கையில் கயிறு கட்டிக்கொள்வார். வேதக்கோயிலுக்குப் போகிறவர் என்றால் ஜெபக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்வார். பெரியவர்கள் நாலு பேர் பெண் வீட்டுக்குப் போய், "இனிமே தொடமாட்டான், நாங்க பொறுப்பு" என்று பேசி மனைவியை அழைத்து வருவார்கள். என் தாய்மாமா கட்டிய கயிறு அவர் சாகும்வரை கையில் இருந்தது. அந்த முறையை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் அது நிலைப்பதற்குச் சுற்றிலும் ஆள் வேண்டும். அங்கே டாஸ்மாக் பக்கம் ஒதுங்கினால் இருட்டுவதற்குள் வீட்டுக்குத் தகவல் வந்துவிடும். இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் பெயரே தெரியாது. உங்கள் மனைவி தனியாக ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளை உங்கள் காரில் ஏற்றி அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு யார் பொறுப்புச் சொல்வது? பெரியவர்கள் சொல்லியிருக்க வேண்டிய அந்தச் சொல்லைத்தான் இங்கே கருவி சொல்கிறது.

சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். இந்த மாநிலத்துக் குடும்பச் சட்டத்தில் 3041.5 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் குற்றம் சாட்டினார் என்பதற்காக மட்டும் நீதிபதி பரிசோதனைக்கு உத்தரவிட முடியாது. வழக்கமாகவோ தொடர்ச்சியாகவோ மதுவைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று ஆதாரத்தின் பேரில் நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். அப்படி உத்தரவிட்டாலும் மிகக் குறைந்த தொந்தரவு தரும் முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவுகளை ரகசியமாக, சீல் வைத்துப் பாதுகாக்க வேண்டும். அதனால் உத்தரவின் பேரில் நடக்கும் பரிசோதனை தமிழ்ச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது: இந்தப் பிரிவின்படி, பரிசோதனையில் மது இருந்ததாக வந்தாலும் அந்த ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துக் கஸ்டடியில் பாதகமான முடிவு எடுக்கக் கூடாது. நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனை. ஒரு ராத்திரியின் முடிவைவிட உங்கள் பல மாதத்து நடப்பு அங்கே பேசும்.

இதனால்தான் முன்வரச் சொல்கிறேன். உத்தரவு வந்த பிறகு ஊதினால் கட்டாயத்துக்காகச் செய்ததாகத்தான் பதிவாகும். இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்பாடாக இப்போதே கொண்டுபோனால், விசாரணைக்கு நாள் வரும்போது உங்கள் கையில் வாரக்கணக்கான பதிவு இருக்கும். அது இல்லாமல், "குடிக்கிறார்" என்று மனைவி சொல்ல, "இல்லை" என்று நீங்கள் சொல்ல, நடுவில் நீதிபதி யாரை நம்புவார்? கஸ்டடியில் தகராறு இருந்தால் இங்கே விசாரணைக்கு முன்னால் சமரசப் பேச்சுக்குக் கட்டாயம் போக வேண்டும். அங்கேயும் அந்தத் தாள்கள் பேசும்.

இனி கருவி. உங்கள் வக்கீல் சொல்வது பெரும்பாலும் சோபர்லிங்க்காக இருக்கும். கைக்குள் அடங்குகிற அளவுதான். குறித்த நேரத்தில் ஊத வேண்டும், ஊதும்போதே படம் எடுத்து முகத்தை ஒப்பிடும், முடிவு செல்போன் வழியாக உடனே போய்விடும். யாருக்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வார்கள்: மனைவிக்கா, வக்கீல்களுக்கா, இருவருக்குமா என்று. பிள்ளையை ஒப்படைப்பதற்கு முன்னால், பிள்ளை உங்களிடம் இருக்கும் நேரத்தில், தூங்கப் போகும் முன் என்று அட்டவணை போடலாம். சில வழக்குகளில் பிள்ளை இல்லாத நாட்களிலும் ஊதச் சொல்வார்கள்.

ஏன் இத்தனை தடவை என்று கோபம் வரும். மூச்சில் மது சில மணி நேரம்தான் நிற்கும். உடம்பு மணிக்குச் சுமார் 0.015 சதவீதம் என்ற அளவில் இரத்தத்து மதுவைக் குறைக்கிறது. வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.08 சதவீதம். அந்த அளவுக்குக் குடித்தவர்கூட ஐந்தாறு மணி நேரத்தில் சுத்தமாகத் தெரிவார். வாரத்துக்கு ஒரு தடவை ஊதினால் யாருக்கும் எதுவும் நிரூபணம் ஆகாது. அதனால் சில வக்கீல்கள் இதோடு பெத் என்ற இரத்தப் பரிசோதனையையும் சேர்க்கச் சொல்வார்கள். அது முந்தைய இரண்டு முதல் நான்கு வாரத்துக் குடியைக் காட்டும். ஈடிஜி என்ற சிறுநீர்ப் பரிசோதனை இரண்டு மூன்று நாளைக் காட்டும், ஆனால் ரொம்பக் கூருணர்வு உள்ளது. மதுகலந்த மவுத்வாஷ், கைக்குத் தடவும் சானிடைசர் ஆகியவற்றால்கூடத் தடம் காட்டலாம். அமெரிக்க அரசின் போதைத் தடுப்பு அமைப்பே 2006 இல், அதை மட்டும் வைத்து ஒருவருக்கு எதிராக முடிவு செய்ய வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. கணுக்காலில் மாட்டி வியர்வை வழியாக அரைமணிக்கு ஒரு தடவை அளக்கும் ஸ்க்ராம் பட்டையும் உண்டு. அது பெரும்பாலும் குற்ற வழக்குகளுக்கு. உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

நம் வீட்டுச் சாமான்களில் கவனம் வேண்டும். அம்மா பார்சலில் அனுப்பும் தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் எல்லாம் புளிக்கவைத்துச் செய்வது, அதில் உண்மையிலேயே ஆல்கஹால் இருக்கிறது. வழக்கு முடியும்வரை வேண்டாம். சில இருமல் மருந்துகளும் அப்படித்தான், லேபிளைப் படியுங்கள். சாப்பிட்டதும், வாய் கொப்பளித்ததும் கால்மணி நேரம் கழித்து ஊதுங்கள். வாயில் தங்கிய மது அதற்குள் போய்விடும். மது இருப்பதாகக் காட்டினால் கருவியே கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊதச் சொல்லும், அப்போது பதறாமல் ஊதுங்கள். ஊருக்கு லீவில் போகும்போது கருவி நிறுவனத்துக்கும் இரு வக்கீல்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போங்கள், திரும்பியதும் பெத் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பதநீர் குடிக்க ஆசை வரும். சுண்ணாம்பு சேர்த்து இறக்கியது சரி. சுண்ணாம்பு குறைந்தால் புளித்துக் கள்ளாகிவிடும், அதனால் தெரிந்தவர் இறக்கியது இல்லையென்றால் தொடாதீர்கள்.

ஊதாமல் விட்டுவிடாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஆபீஸில் மீட்டிங், போனில் சார்ஜ் இல்லை, காரில் தூங்கிவிட்டேன் என்று எது சொன்னாலும், தவறிய பரிசோதனையைப் படிப்பவர் அங்கே குடியைத்தான் பார்ப்பார். வேலை நேரத்தில் கார் பார்க்கிங்கில் போய் ஊதிவிட்டு வாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. தவறிப்போனால் உடனே வக்கீலுக்குக் காரணத்தை எழுதிவிடுங்கள்.

நாலு மாதம் என்பது பெரிய விஷயம் தம்பி, நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கருவி குடியை நிறுத்தாது, காட்டும், அவ்வளவுதான். கவுன்சலிங், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏஏ கூட்டம் எதற்காவது போகிறீர்களா? போகவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். ஒருநாள் மனசு தடுமாறிவிட்டால், குடித்துவிட்டு மகளைக் கூட்டிவருவதைவிட "இந்த வாரம் வேண்டாம்" என்று மனைவிக்குச் சொல்லி அனுப்புவது மகளுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. குடித்துவிட்டு வண்டி எடுத்துப் பிடிபட்டால் வழக்கு மட்டுமல்ல, விசாவே ரத்தாகலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அப்புறம், "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துரு, நாங்க பாத்துக்கறோம்" என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதை மட்டும் செய்யவே கூடாது. பெற்றோரில் ஒருவர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆனால் மற்றவரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு பிள்ளையை இங்கிருந்து வெளியே கொண்டுபோவது 1993 இல் இருந்து அமெரிக்காவில் மத்திய அரசின் சட்டப்படி குற்றம். நீங்கள் ஊதிச் சேர்க்கும் பதிவெல்லாம் ஒரே விமான டிக்கெட்டில் போய்விடும். மகளுக்கு அம்மாவும் போய்விடுவாள்.

உடன்பாட்டில் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். மாதக் கட்டணம் யார் கட்டுவது? பெரும்பாலும் ஊதுபவர் தலையில்தான் விழும், ஆனால் பாதியாகப் பிரித்தும் எழுதலாம். மது இருப்பதாக முடிவு வந்தால் அன்றைய சந்திப்புக்கு மட்டும் தடையா, மொத்த ஏற்பாடும் மாறுமா? ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்ய வழி உண்டா? எத்தனை மாதம் சுத்தமாக இருந்தால் தடவைகள் குறையும், எப்போது முற்றிலும் நிற்கும்? இந்தக் கடைசி வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டு, வருஷக்கணக்கில் ஊதிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். சமரசப் பேச்சுக்குத் தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், தேதி நெருங்கிவிட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம்.