பின்னாடி லைட்டு போடணும், எத்தனை வாட்டு வாங்கட்டும்?

கேள்வி: களக்காடு பக்கம் வாழை லோடு அடிக்கிற பிக்கப் வச்சிருக்கேன் அண்ணாச்சி. தார் வெட்டி வரப்பு தாண்டி ரோட்டுக்கு வந்து சேரவே ராத்திரி எட்டு ஒன்பது ஆயிருது, ஆளுங்க செல்போன் லைட்ட வாயில கவ்விக்கிட்டு அடுக்குதாங்க. பாடிக்கு ரெண்டு லைட் போடலாம்னு கடையில கேட்டா ஒருத்தர் 120 வாட் பார் லைட்டா போடுங்காரு, இன்னொருத்தர் எதுக்கு செலவு, பழைய ஆலசன் ரெண்டு தாரேன், ரிவர்ஸ் லைட்டு ஒயர்லயே சேத்து விட்டுரலாம்னு சொல்லுதாரு. எத கேக்க?

பதில்: ரெண்டையும் கேக்காதீங்க அண்ணாச்சி. மொதல்ல அந்த ரிவர்ஸ் ஒயர் கதைய முடிச்சிருவோம், ஏன்னா அது நானே பட்டது. பல வருசம் முன்ன என்கிட்ட ஒரு குட்டியானை இருந்துச்சு, இதே மாதிரிதான் ஆலசன் ரெண்ட வாங்கி ரிவர்ஸ் லைட்டு ஒயர்ல முறுக்கி டேப்ப சுத்தி விட்டேன். அது எரியணும்னா சாவிய ஆன் பண்ணி கியர ரிவர்ஸ்ல போட்டு வைக்கணும்லா, அப்படியே போட்டு வச்சிட்டு ஏர்வாடி பக்கம் ஒரு தோட்டத்துல நான் டீ குடிக்கப் போயிட்டேன். வண்டிய கொஞ்சம் முன்னால தள்ளிப் போடுங்கன்னு யாரோ சொல்ல, கூட வந்த பையன் ஏறி உக்காந்து கிளச்ச மிதிக்காம சாவிய திருக்கிட்டான். வண்டி ஒரு முழம் பின்னால துள்ளிருச்சு. பின் கதவுகிட்ட ஏத்தன் தார தோள்ல வச்சுக்கிட்டு நின்னவரு தார கீழ போட்டுட்டு ஒதுங்கினதால கால் தப்பிச்சுது, தார் நசுங்கிருச்சு, அந்தக் காசு என் வாடகையில கழிஞ்சுது. அன்னைக்கு ராத்திரியே அந்த ஒயர பிச்சுப் போட்டேன். ஆள் நின்னு வேலை பாக்குற எடத்துக்கு வெளிச்சம் வேணும்னு வண்டிய ரிவர்ஸ் கியர்ல நிறுத்தி வைக்கிறத விட கிறுக்குத்தனம் வேற கிடையாது.

கரண்ட் கணக்குலயும் அது ஒத்து வராது. ஆலசன் பல்பு ஒன்னு 55 வாட், ரெண்டுக்கும் 110 வாட், 12 வோல்ட்டால வகுத்தா ஒன்பது ஆம்பியருக்கு மேல வருது. கம்பெனிக்காரன் ரிவர்ஸ் லைட்டுக்கு இழுத்த ஒயர் 21 வாட் பல்பு எரியுறதுக்கு இழுத்தது. ஃபியூஸ் போகும். போனதும் நம்மாளு என்ன செய்வான், சிகரெட் அட்டையில இருக்குற ஜிகினா தாள சுத்தி சொருகுவான், அதுக்கு அப்புறம் ஃபியூஸ் போகவே போகாது, ஒயருதான் உருகும்.

இப்ப அந்த 120 வாட்டு. அட்டைப் பெட்டியில என்ன வேணா அச்சடிச்சுக்கலாம், கேக்க ஆளில்ல. வாங்குறதுக்கு முன்னால கடையிலயே ஒரு பேட்டரியில குடுத்து மீட்டர வச்சு எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு பாக்கச் சொல்லுங்க, நெசமான 120 வாட்டுன்னா பத்து ஆம்பியர் இழுக்கணும், மூணுதான் காட்டுதுன்னா நீங்க 36 வாட் லைட்டுக்கு 120 வாட் விலை குடுக்குதீங்கன்னு அர்த்தம். மீட்டர் வைக்க மாட்டேன்னு சொல்ற கடையில வாங்காதீங்க. சரி, நெசமாவே 120 இருந்தாலும் உங்களுக்கு அது எதுக்கு? பாடி நீளமே எட்டு ஒன்பது அடி. அந்த வெளிச்சத்துல அஞ்சு நிமிசம் நின்னு அடுக்கிட்டு திரும்பி தோட்டத்துக்குள்ள எறங்குனா கண்ணு கட்டிப் போகும், வரப்பும் தெரியாது, வரப்புல கெடக்குற பாம்பும் தெரியாது.

எனக்குத் தெரிஞ்சு 18 வாட் எல்.ஈ.டி ரெண்டு போதும். ரெண்டும் சேந்து 36 வாட், மூணு ஆம்பியர். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ரெண்டு மணி நேரம் எரிச்சா பேட்டரியில ஆறு ஆம்பியர் அவர் (ஆம்பியர மணி நேரத்தால பெருக்குன கணக்கு) எறங்கும், 60 ஆம்பியர் அவர் பேட்டரின்னு வச்சுக்கிட்டா பத்துல ஒரு பங்கு, காலையில செல்ஃப் எடுத்துரும். அதே ஆலசன்னா பதினெட்டு எறங்கும், பேட்டரி மூணு வருசம் பழசா இருந்தா நாலு பேர் சேந்து தள்ளணும். லைட்டு வாங்கும்போது ஸ்பாட் எது ஃப்ளட் எதுன்னு கேட்டு ஃப்ளட்ட வாங்குங்க, ஸ்பாட் தூரத்துல ஒரே எடத்துல அடிக்கும், நமக்கு பக்கத்துல அகலமா விரியணும். வெள்ளை லைட்டு, மஞ்சள் கலந்த லைட்டு ரெண்டும் கெடைச்சா மஞ்சள் கலந்தத எடுங்க, மழைக்காலத்துல ஈசல் வந்து மொய்க்கிறது கொஞ்சம் கம்மியா இருக்கும், வாய்க்குள்ள பூச்சி போகாம வேலை பாக்கலாம்.

எங்க மாட்டணும்ங்கிறதுலதான் நெறைய பேரு கோட்ட விடுதாங்க. கேபினுக்கு பின்னால இருக்குற கம்பித் தடுப்புல, அதான் கார்டுல, நட்ட நடுவுல ஒரே ஒரு லைட்ட மாட்டுவாங்க, அடுக்குற ஆளு அதுக்கு முன்னால வந்ததும் அவரு நெழலே தார் மேல விழும், வெளிச்சம் இருந்தும் தடவித்தான் வைக்கணும். கார்டோட ரெண்டு மேல் மூலையிலயும் ஒவ்வொன்னு வைங்க, இடது லைட்டு வலது பின் மூலையப் பாக்கணும், வலது லைட்டு இடது பின் மூலையப் பாக்கணும், ஒன்னு போடுற நெழல மத்தது அழிச்சிரும். லைட்டு மூஞ்சிய கீழ சாச்சு வைங்க, பின் கதவுகிட்ட தரையில நின்னு தார் குடுக்குறவரு கண்ணுல அடிக்கக் கூடாது. லைட்டு கார்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாலும் ஆகாது, தார்ப்பாய் கயித்த வீசி இழுக்கும்போது மொத நாளே மாட்டி பிஞ்சிரும். கிளாம்புக்கு வெல்டிங் அடிக்காம நட்டு போல்ட் போட்டு மாட்டுங்க, வெல்டிங் அடிச்சே ஆகணும்னா பேட்டரி டெர்மினல கழட்டிட்டு அடிக்கச் சொல்லுங்க, இப்ப வர்ற பி.எஸ்.6 (புது புகை விதிப்படி வந்த) வண்டியில எஞ்சினையே ஓட்டுறது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அது போச்சுன்னா லைட்டு செலவெல்லாம் ஒரு செலவே இல்ல.

ஒயரிங்குக்கு வருவோம், காச இங்க போடுங்க. வண்டியில ஏற்கெனவே இருக்குற எந்த ஒயரையும் வெட்டக் கூடாது, வாரண்டியில இருக்குற வண்டின்னா வெட்டுன எடத்தக் காட்டியே கம்பெனிக்காரன் கைய விரிப்பான். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து தனி லைன். பேட்டரிய விட்டு ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் ஹோல்டர், அதுல ஏழரை ஆம்பியர் ஃபியூஸ். சுவிச்சு பக்கத்துல ஃபியூஸ் வச்சா என்னங்கன்னு கேப்பாங்க, பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல எங்க ஒரசி பாடியில தொட்டாலும் அத அணைக்க எதுவும் கிடையாது, அதனாலதான் அந்த தூரத்த ஒரு சாண்ல நிறுத்துறது. ரிலே, அதாவது சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட ஆன் ஆஃப் பண்ணுற சாமான், போடணுமான்னு கேட்டா, இந்த மூணு ஆம்பியருக்கு கட்டாயம் இல்ல, நல்ல சுவிச்சே தாங்கும். எலக்ட்ரீசியன் ரிலே போட்டே ஆகணும்னு சொன்னா போட்டுக்கோங்க, கெடுதல் இல்ல, ஆனா ரிலேய மட்டும் போட்டுட்டு ஃபியூஸ் வைக்காம விட்டுட்டுப் போறவரும் உண்டு, அதப் பாருங்க.

ஒயர் 1.5 ஸ்கொயர் எம்.எம் காப்பர், பல இழை உள்ளது. அர ஸ்கொயர்ல விட்டா பின்னாடி போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு வோல்ட்டு கிட்ட கூட முழுங்கிரும், 1.5ல அதுல மூணுல ஒரு பங்குதான் போகும். கேபின்ல இருந்து ஒயர் வெளிய வர்ற ஓட்டையில ரப்பர் புஷ் இருக்கான்னு கைய விட்டுப் பாத்துக்கோங்க. நான் பிரிச்சுப் பாத்த வண்டியில பாதிக்கு அங்கதான் சீக்கு, தகரத்தோட விளிம்பு ஆடி ஆடி மேல் உறைய அறுத்து உள்ள காப்பர் பச்சைக் களிம்பு பூத்துப் போயிருக்கும். வாழை வண்டின்னா இன்னும் மோசம், தார்ல இருந்து கறையும் தண்ணியும் வடிஞ்சுக்கிட்டே இருக்கும், பாடி காயவே காயாது. அதனால ஒயர் முழுக்க ஃப்ளெக்சிபிள் பைப்புக்குள்ள போகட்டும், சேத்த எடத்துல வெறும் டேப் வேண்டாம், சூடு பண்ணுனா சுருங்குற ஸ்லீவ் போடச் சொல்லுங்க. அப்புறம் அந்தக் கறை லைட்டு கண்ணாடியிலயும் தெறிக்கும், பெட்ரோல் தின்னர் போட்டு தொடைக்காதீங்க, அது பிளாஸ்டிக்கு, வெடிச்சு மங்கிப் போகும், சோப்புத் தண்ணி போதும்.

எல்லாம் சேத்து பொருள் ரெண்டாயிரம் ரூவாய்க்குள்ள வரும்னு நெனைக்கேன், கூலி தனி, பொருளுக்குச் சமமா கூலி கேட்டாலும் பைப்பு ஸ்லீவெல்லாம் ஒழுங்கா போடுறவருக்குக் குடுக்கலாம்.

கேள்வி: பாளையங்கோட்டையில இருந்து கேக்கேன். வண்டி ஓடும்போதும் அந்த லைட்ட எரியவிட்டா பின்னால வர்றவன் கொஞ்சம் தள்ளி வருவான்ல? நாலு வழிச் சாலையில ராத்திரி பயமா இருக்கு.

பதில்: கூடவே கூடாது. பின் பக்கம் செவப்பத் தவிர வேற வெளிச்சம் காட்டக் கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதி 108 சொல்லுது, நம்பர் பிளேட் லைட்டு, இண்டிகேட்டர், ரிவர்ஸ் எடுக்கும்போது எரியுற வெள்ளை லைட்டு மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. விதிய விடுங்க, பின்னால வர்றவன் கண்ணு கூசி உங்க வண்டி அகலம் எவ்வளவுன்னே தெரியாம வந்து சொருகுவான், நீங்க பிரேக் போட்டா அந்தச் செவப்பும் அவனுக்குத் தெரியாது. உங்க பயத்துக்கு மருந்து ரிஃப்ளெக்டர் டேப்பு. பின்னால செவப்பு, பக்கவாட்டுல மஞ்சள், முன்னால வெள்ளை. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது மட்டும் புதுசா ஒட்டுறாங்க, அதுக்கப்புறம் வருசம் முழுக்க சேறு மூடிக் கெடக்கு, வாரம் ஒருக்கா ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுங்க. லைட்டு சுவிச்சு வாங்கும்போது உள்ள சின்ன செவப்பு லைட்டு எரியுற சுவிச்சா வாங்குங்க, அணைக்க மறந்து ரோட்டுல ஏறுறது அப்ப கொறையும்.

இன்சூரன்ஸ் பத்தியும் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. வண்டி விலையில சேராத எலக்ட்ரிக்கல் சாமான தனியா பாலிசியில எழுதணும், வழக்கமா அதோட மதிப்புல 4 சதவீதம் பிரீமியம், ரெண்டாயிரத்துக்கு எம்பது ரூவா. பில்லும் ஃபோட்டோவும் குடுத்து புதுப்பிக்கும்போதே எழுதிருங்க.

கேள்வி: வள்ளியூர். 'வாட்டர் ப்ரூஃப்'னு எழுதியிருந்த லைட்டு வாங்கி மாட்டி பதினெட்டே நாள்ல உள்ள தண்ணி கோத்து அணைஞ்சிருச்சு. கடைக்காரர் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ன்னு பில்லுல இருக்குறதக் காட்டுதாரு. அவ்வளவுதானா?

பதில்: பில்லு வாங்கியிருக்கீங்க பாருங்க, அதுவே பாதி ஜெயிச்ச மாதிரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருள பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் எழுதலைன்னா முப்பது நாளுக்குள்ள, திரும்ப வாங்கிட்டு காச குடுக்க மறுக்குறது முறையற்ற வணிகம். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பதினெட்டு நாள்தான ஆச்சு, இன்னைக்கே லைட்டுக்குள்ள தண்ணி நிக்குறது தெரியுற மாதிரி ஒரு வீடியோ எடுத்துட்டு எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்ல அனுப்புனாலும் பதிவு இருக்கும். மசியலைன்னா 1915க்கு ஃபோன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். 'இது லோடு வண்டி, வியாபாரத்துக்கு வாங்குனது, நீ நுகர்வோரே இல்ல'ன்னு எதிர்த்தரப்பு சொல்லலாம், பயந்துராதீங்க, சொந்தமா ஓட்டிப் பொழைக்கிறதுக்காக வாங்குனவர சட்டம் நுகர்வோராத்தான் பாக்குது.

ஒன்னு மட்டும் பாத்துக்கோங்க, வாட்டர் சர்வீஸ்ல நேரா லைட்டு மேல தண்ணி பீச்சுற கன்ன (gun) வச்சு அடிச்சிருந்தா வழக்கு கொஞ்சம் மெலிஞ்சிரும். தூசி, தண்ணிய எவ்வளவு தடுக்கும்னு சொல்ற நம்பர்தான் ஐ.பி., ஐ.பி.67னு போட்டிருந்தா ஒரு மீட்டர் தண்ணியில அர மணி நேரம் கெடந்தா தாங்கும்னுதான் கணக்கு, கம்ப்ரசர் அடிய தாங்கும்னு அதுல சொல்லல, அதுக்கு ஐ.பி.69கேன்னு வேற இருக்கு. வெறுமனே 'வாட்டர் ப்ரூஃப்'னு மட்டும் போட்டு நம்பர் எதுவும் இல்லாத லைட்டு குளிருக்கு வெளிய வச்சாலே தண்ணி கோக்கும்.

கேள்வி: மேலப்பாளையம். வண்டி வாடகை வண்டி, ஓனர் ஒயரத் தொட விட மாட்டாரு. காந்தம் வச்ச சார்ஜ் லைட்டு வாங்கலாமா?

பதில்: தாராளமா. காந்தம் இரும்புத் தகடுலதான் ஒட்டும், பலகைத் தட்டியிலயும் அலுமினியத்துலயும் நிக்காது, வாங்கப் போகும்போது வண்டியையும் கூட்டிட்டுப் போங்க. கொக்கியும் இருக்குற மாடலா பாருங்க. தார்ப்பாய் கட்டுறதுக்கு முன்னால கழட்டி கேபின்ல வச்சிரணும், எங்க தெருவுல ஒரு பையன் மறந்துட்டு ஆரல்வாய்மொழி காத்துல ஒன்ன பறக்க விட்டுட்டு வந்தான்.