கிரீமை ஏன் நிறுத்தினாள் என்று கேட்டீர்களா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ஃபார்ம் ஃபோர் படிக்கிறாள், அடுத்த வருஷம் எஸ்பிஎம் அரசாங்கத் தேர்வு. தோழி கொடுத்தாள் என்று ஓர் ஆங்கில நாவலை ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்னோ ஒயிட் கதைதான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி இல்லை. பெற்ற தாயே மகளைக் கொல்லப் பார்க்கிறாள். கண்ணாடி ரத்தம் கேட்கிறது. கடைசியில் மகள் தாய்க்கு விஷம் வைக்கிறாள். சில பக்கங்களைப் புரட்டியதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. அந்தப் புத்தகம் வந்ததிலிருந்தே அவள் சரியில்லை. கோயிலுக்கு வருவதில்லை, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வருவதில்லை. அவள் அப்பாவைப் போலக் கறுப்பு என்பதால், தெரிந்த அக்கா ஒருவர் ஆன்லைனில் விற்கிற கிரீமை ஃபார்ம் ஒன்னிலிருந்து வாங்கிக் கொடுத்து வருகிறேன், அதைக்கூட நிறுத்திவிட்டாள். மகன் அவளைவிட இரண்டு வயது சின்னவன், அவனால் ஒரு தொல்லையும் இல்லை. கணவர் ‘வயசு அப்படி’ என்று ஒதுங்கிக்கொள்கிறார். இந்த மாதிரிப் புத்தகங்களிலிருந்து பிள்ளையை எப்படி மீட்பது?
— ஒரு தாய், செந்தூல்

பதில்: சகோதரி, புத்தகத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். ‘அதைக்கூட நிறுத்திவிட்டாள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கிரீமைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

ஃபார்ம் ஒன் என்றால் 13 வயது. அந்த வயதில் பெற்ற தாய் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, இதைப் பூசிக்கொள், நிறம் வரும் என்று சொன்னால் பிள்ளைக்கு என்ன புரியும்? அம்மாவுக்கு என் முகம் பிடிக்கவில்லை என்றுதான் புரியும். மூன்று வருஷமாக அதை அவளுக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இப்போது அவள் நிறுத்தியதைக் குற்றப் பட்டியலில் சேர்த்து எனக்கு எழுதுகிறீர்கள். இந்த மூன்று வருஷத்தில் உங்கள் வீட்டில் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

மகனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவன் என்ன நிறம் என்று எழுதவே இல்லை. ஒரே அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைகள்தானே? அவனும் கறுப்பாக இருந்தால் அவனுக்கும் ஒரு டப்பா வாங்கினீர்களா? நீங்கள் வாங்கியிருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. அவன் வெயிலில் பந்து விளையாடிவிட்டு வந்தால் மைலோ கலக்கிக் கொடுத்திருப்பீர்கள். அவள் நெட்பால் ஆடிவிட்டு வந்தபோது என்ன சொன்னீர்கள்? உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள். அவள் ஒன்றையும் மறந்திருக்க மாட்டாள்.

இனி கதைக்கு வருகிறேன். பெற்ற தாயே மகளைக் கொல்லப் பார்ப்பது இந்தக் காலத்து எழுத்தாளர் யாரோ கிளப்பிவிட்ட வக்கிரம் என்று நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில் 1812இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்த ஸ்னோ ஒயிட் கதையிலேயே அவள் பெற்ற தாய்தான். பனி போல வெள்ளையாக ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெற்றவளும் அவள்தான். ஏழு வயதில் அந்தக் குழந்தை தன்னைவிட அழகு என்று கண்ணாடி சொன்னதும், அதைக் கொன்று நுரையீரலையும் ஈரலையும் கொண்டுவா என்று வேடனை அனுப்பியவளும் அவள்தான். வேடன் காட்டுப்பன்றியினுடையதைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அவளோ மகளுடையது என்று நினைத்து உப்புப் போட்டு வேகவைத்துத் தின்கிறாள். கடைசியில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, செத்து விழும்வரை அவளை ஆடவைக்கிறார்கள். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான், பெற்ற தாய் பிரசவத்தோடு இறந்துபோக, அந்த இடத்துக்குச் சிற்றன்னை வந்தாள். ஹான்சல், கிரெட்டல் என்ற இரண்டு பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் கதையிலும் முதலில் பெற்ற தாய்தான் இருந்தாள், பிற்பாடு அவளையும் சிற்றன்னையாக்கிவிட்டார்கள். தாய் இப்படிச் செய்வாளா என்று அந்தக் காலத்து வீடுகளுக்கும் சங்கடமாக இருந்திருக்கும். உங்கள் மகள் படித்த நாவல், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பழைய கதையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது.

நம் வீட்டுக் கதைகள் மட்டும் என்ன மென்மையாகவா இருக்கின்றன? தோட்டத்து லயங்களில் பாட்டிமார் நல்லதங்காள் கதையை அழுது அழுது சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்ட, பெற்ற தாய் நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். அதைக் கேட்டு யாரும் தம் பிள்ளையைக் கிணற்றில் போடவில்லை. வீட்டுக்கு வந்த நாத்தனாருக்கு ஒரு வாய் சோறு போடாமல் விடக் கூடாது என்பதைத்தான் பெண்கள் கற்றுக்கொண்டார்கள்.

16 வயதுப் பிள்ளை ஒரு புத்தகத்தைத் தூங்காமல் படிக்கிறாள் என்றால் அதில் அவளுக்குத் தெரிந்த வீடு ஒன்று இருக்கிறது. தாயும் மகளும் இருக்கிற வீடு. யார் வெள்ளை, யார் அழகு என்று தினமும் தீர்ப்புச் சொல்லும் கண்ணாடி இருக்கிற வீடு. நீங்கள் விஷம் வைக்கிற பக்கத்தைப் பார்த்துக் கை நடுங்கினீர்கள். அவள் எந்தப் பக்கத்தில் நின்றாள் என்று கேட்டீர்களா? நிஜத்தில் உங்கள் மகள் செய்தது இவ்வளவுதான்: பூசுவதை நிறுத்தினாள், புத்தகத்தைப் பிடுங்கியதும் பேச்சை நிறுத்தினாள்.

விசேஷங்களுக்கு வராததற்கும் புத்தகத்தின் மேல் பழி போடாதீர்கள். பெண்பிள்ளையைக் கண்டதும் நம் ஆட்கள் வாயில் முதலில் என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘என்னம்மா இப்படிக் கறுத்துட்ட?’ கல்யாண வீட்டிலும் அதே கேள்வி, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பிலும் அதே கேள்வி. அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? ‘ஆமா அக்கா, கிரீம் போடச் சொல்லியிருக்கேன்’ என்று பதில் சொன்னீர்களா? சொந்தபந்தம் இல்லாமல் பிள்ளை வளரக் கூடாது என்று நினைக்கிறவள் நான். அவள் கோயிலுக்கும் வர வேண்டும், சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கும் வர வேண்டும். ஆனால் அழைத்துப் போகிற தாய் அங்கே அவளுக்காக வாயைத் திறக்க வேண்டும். ‘என் பிள்ளை நிறத்தைப் பற்றிப் பேசாதீங்க அத்தை’ என்று மாமியாரிடமே சொல்லலாம். பெரியவர்களுக்குத் தர வேண்டிய மரியாதையில் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதை உங்கள் கணவரிடமும் படிக்கக் கொடுங்கள். ஐயா, உங்கள் நிறத்தைத்தான் இந்த வீட்டில் ஒரு குறையாக உங்கள் மகளுக்கு மூன்று வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உங்கள் முகத்தை உரித்து வைத்தாற்போலப் பிறந்த பிள்ளை அவள். ‘வயசு அப்படி’ என்று ஒதுங்கி நிற்க உங்களுக்கு உரிமையே இல்லை. இந்த வாரமே அவளிடம் போய்ப் பேசுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், உன் அம்மா செய்தது தப்பு, நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததும் தப்பு என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

புத்தக விஷயத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. அது தோழியுடைய பொருள், அடுத்த வீட்டுப் பொருளைப் பூட்டி வைக்க உங்களுக்கு அனுமதி கிடையாது. இன்றே எடுத்து அவள் கையில் கொடுங்கள். எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன், இளையோர் நாவல் என்ற பெயரில் பெரியவர்களுக்கான சமாச்சாரமும் கலந்து விற்கிறது. பிள்ளை என்ன படிக்கிறாள் என்று தெரிந்துவைத்திருப்பது தாயின் கடமை. நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்வதால் அந்தக் கடமை தீராது, முழுதாகப் படியுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் கதையைச் சொல்லச் சொல்லி அவளிடமே கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். எஸ்பிஎம்முக்கு நேரம் ஒதுக்குவது தனிப் பேச்சு, இதோடு அதைக் கலக்காதீர்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்து, யாரோடும் பேசாமல் போனாள் என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் பள்ளியில் இருக்கும் ஆலோசக ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அந்த டப்பா. தெரிந்த அக்கா விற்கிறார் என்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த அக்காவுக்குத் தெரியுமா? நிறம் வெளுக்க வைக்கிறோம் என்று விற்கிற கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் போன்ற ரசாயனங்கள் எல்லாம் இருப்பதைக் கண்டுபிடித்து, நம் மலேசியச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோலுக்கு நிறம் தரும் பொருள் உருவாவதைத் தடுக்கும், அதனால்தான் முகம் வெளுத்த மாதிரி தெரியும். அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் துண்டு, தலையணை உறை வழியாகப் பரவும். ஹைட்ரோகுயினோனை வருஷக்கணக்கில் பூசினால் தோல் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போகவும் கூடும். டப்பாவில் ‘நோட்’ (NOT) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இந்த நாட்டில் அதை விற்கவே கூடாது. எண் இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பதிவான பிறகு சோதனையில் மாட்டி அனுமதி ரத்தான கிரீம்களும் உண்டு.

மகளை மூன்று வருஷம் பூச வைத்திருக்கிறீர்கள், ஆகவே இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மருத்துவர் சொன்னால் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். ஏன் போகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே அவளிடம் நீங்களே சொல்லுங்கள். மிச்சமிருக்கும் கிரீமைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், டப்பாவோடு எடுத்துப் போங்கள், மருத்துவர் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.