ஐம்பதைத் தாண்டியபின் மலையோட்டம் ஓடினால் உடம்பு தேற எத்தனை நாளாகும்? இனி ஓடலாமா?

கேட்டவருக்கு 52 வயது. மூணாறு பக்கத்தில் 30 கிலோமீட்டர் மலையோட்டப் போட்டி ஒன்றை முடித்திருக்கிறார். நான்கு நாளாகியும் வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்க முடிகிறதாம். ‘இந்த வயசுல இது தேவையா’ என்று வீட்டில் ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு வாரத்தில் இன்னொரு போட்டிக்கும் பணம் கட்டியாயிற்று.

ஓடலாம். ஆனால் எத்தனை நாளாகும் என்ற கேள்விக்கு நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகத்தான் சொல்லப்போகிறேன். நான் மூணாறு பக்கம் மறையூரில் இருப்பவன், வயதில் உங்களுக்குக் கொஞ்சம் மூத்தவன். மருத்துவன் அல்ல. இந்த ஏற்ற இறக்கங்களில் ஓடியதும், படித்ததும், கூட ஓடுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்ததும்தான் என் கைமுதல்.

படி ஏறும்போது அவ்வளவு வலி இல்லை, இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மலையில் ஓடுகிற எல்லோருக்கும் அப்படித்தான். ஏற்றம் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். தசையைப் பதம் பார்ப்பது இறக்கம். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்சதை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கி நிறுத்த வேண்டும். அதில் தசை இழைகள் நுண்ணிய அளவில் சேதமாகி, வீங்கி, மறுநாள் வலிக்கத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். ஓடி முடித்து ஓரிரு மணி நேரத்தில் அது ரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது. கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் மட்டும் ஓடிப் பழகிய 25 வயதுப் பையனை இந்த மலையில் 30 கிலோமீட்டர் விட்டால் அவனும் நாலாம் நாள் கைப்பிடியைத்தான் தேடுவான். ஆகவே இப்போதிருக்கும் வலிக்கு வயதை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்.

வயது தன் வேலையைக் காட்டுவது இரண்டாவது வாரத்தில். ஆறாம் ஏழாம் நாளில் வலி போய்விடும். போட்டி முடித்த தெம்பு வேறு. ‘சரி, லேசா ஒரு ஓட்டம்’ என்று கிளம்பத் தோன்றும். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அது சீக்கிரம் தேறிவிடும். குதிகாலுக்கு மேலே இருக்கிற அக்கிலிஸ் மாதிரியான தசைநாண்களுக்கு ரத்தம் குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். வயது கூடக்கூட இன்னும் மெதுவாகும். இளைஞர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள் கெண்டைக்காலையும் குதிகாலையும் பிடித்துக்கொண்டு வருவார்கள். எங்கள் கூட்டத்தில் பூண்டு வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர் போன வருஷம் ஒரு போட்டியை நன்றாகவே முடித்தார். அடுத்த வாரமே காந்தல்லூரிலிருந்து கோவில்கடவு இறக்கத்தில் இளவட்டங்களோடு ஓடினார். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைக்க முடியவில்லை. போட்டி செய்யாததை அந்த ஓர் இறக்கம் செய்துவிட்டது. அவர் பழையபடி ஓட வர மாதக்கணக்கானது.

என் கணக்கு இதுதான். 30 கிலோமீட்டர் மலையோட்டத்துக்கு முதல் வாரம் நடை மட்டும். இரண்டாம் வாரம் சமதளத்தில் அரைமணி நேரத்துக்குள், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் வாரம் ஏற்றம் சேர்க்கலாம். ஏறி முடித்தபின் நடந்து இறங்குங்கள். இறக்கத்தில் ஓடுவது நான்காம் வாரத்தில். அதற்கு முன் ஒரு சோதனை: படியில் நின்று, கைப்பிடியைத் தொடாமல், ஒற்றைக் காலில் பாரத்தை வைத்து மெதுவாக அடுத்த காலைக் கீழே இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறதா? இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். காலையில் எழுந்ததும் நாடியை எண்ணிப் பார்க்கும் பழக்கமும் நல்லது. வழக்கத்தைவிடத் தெளிவாகக் கூடியே இருந்தால், தூக்கமும் சரியில்லை என்றால், உடம்பு இன்னும் வேலையில் இருக்கிறது.

வலிக்கு மாத்திரை போட வேண்டாம் என்பேன், குறிப்பாக ஓடும் அன்றும் மறுநாளும். நீர்ச்சத்து வற்றியிருக்கும் நேரத்தில் புரூஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் படுத்தும். 80 கிலோமீட்டர் ஓடியவர்களை வைத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த மாத்திரை எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரக பாதிப்பின் அறிகுறி இருந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம். சிறுநீர் பால் சேர்க்காத கட்டன் சாயா நிறத்தில் போனாலோ, போவதே குறைந்தாலோ, எண்ணெய் தைலம் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேதமான தசையிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம்.

எண்ணெய் தேய்ப்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. கேரளத்துக்காரர்கள் இதில் கில்லாடிகள், எந்த ஆயுர்வேதக் கடையிலும் முறிவெண்ணெயோ கொட்டஞ்சுக்காதியோ கிடைக்கும். எந்த எண்ணெய் என்பதைவிடத் தேய்ப்பதுதான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். ஓட்டத்துக்குப் பின் வரும் தசை வலிக்கு மசாஜ் ஓரளவு பலன் தருவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. முதல் இரண்டு நாள் இதமாகத் தடவினால் போதும், கட்டைவிரலால் நோண்டித் தேய்க்கிற ஆசாமியிடம் காலைக் கொடுக்காதீர்கள். பாம்பாற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்வதும் சுகம்தான். ஆனால் பளு தூக்கிப் பயிற்சி செய்கிற நாட்களில் குளிர்ந்த நீரில் ஊறுவதை வழக்கமாக்க வேண்டாம், தசை வளர்வதை அது மட்டுப்படுத்துகிறது.

போட்டி முடிந்த கையோடு பஸ்ஸில் ஏறி உடுமலைக்கோ கோவைக்கோ மணிக்கணக்கில் மடங்கி உட்கார்ந்து போகிறவர்கள் நடுவில் இறங்கி நடக்க வேண்டும். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலிக்கிறது என்றால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி, இந்த மலைப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. மழைக்காலத்தில், சேற்றில், ஓடையில் இறங்கி ஓடினீர்கள் என்றால் அடுத்த இரண்டு மூன்று வாரம் காய்ச்சலைக் கவனியுங்கள். எலிக்காய்ச்சல், கேரளத்தில் எலிப்பனி என்பார்கள், எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காலில் இருக்கும் சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். இதில் சிக்கல் என்னவென்றால், அந்தக் காய்ச்சலின் பெரிய அடையாளமே கெண்டைக்காலிலும் இடுப்பிலும் வரும் கடுமையான வலி. ஓடியவன் ‘போட்டி ஓடின வலி’ என்று நினைத்துக்கொண்டு பாரசிட்டமால் போட்டுவிட்டுப் படுத்துவிடுவான். தாமதமானால் கல்லீரல், சிறுநீரகம் வரைக்கும் போகும். ஓட்டத்தால் வரும் வலி நாளுக்கு நாள் குறையும். குறைந்த வலி பத்தாம் நாள் காய்ச்சலோடு திரும்பி வந்தால், கண்ணும் சிவந்திருந்தால், அது ஓட்டத்தின் வலி அல்ல. அட்டைக் கடி அரிக்கும், ரத்தம் ஒழுகும், அவ்வளவுதான், அதற்குப் பயப்பட வேண்டாம். புதரில் உரசும்போது ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல்தான் வேறு. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது, தேடிப் பார்த்தால்தான் தெரியும். எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகள் உண்டு, நேரத்தோடு போனால் சரியாகிவிடும். சென்னையிலோ பெங்களூரிலோ டாக்டரிடம் போகிறவர்கள் ‘மூணாறு காட்டில் சேற்றில் ஓடினேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் முட்டி தேய்ந்துவிடும் என்பார்களே, அதற்கு ஒரு பதில். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடம்புக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம். ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 சதவீதம். பெரிய அளவில் போட்டிக்கென்றே ஓடும் வீரர்களில் 13.3 சதவீதம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நாம் அந்த ரகம் இல்லை.

இத்தாலிக்காரர் மார்க்கோ ஓல்மோ 2006, 2007 இரண்டு வருஷமும் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி போட்டியில் முதலாவதாக வந்தார். 150 கிலோமீட்டருக்கு மேல், 21 மணிச் சொச்சம். அப்போது அவருக்கு வயது 57, 58. தன் வயதுப் பிரிவில் வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள், மொத்தப் போட்டியிலும் முதல். எல்லோராலும் முடியாது, தெரியும். ஆனால் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிற மூச்சுத் திறன், விடாமல் பயிற்சி செய்பவர்களுக்குக் கிட்டத்தட்டப் பாதி அளவுதான் குறைகிறது.

பலம்தான் வேகமாகப் போகிறது. அதற்கு ஓட்டம் மட்டும் போதாது, இதைப் பலர் ஒத்துக்கொள்வதில்லை. வாரம் இரண்டு நாள் கால் பலத்துக்கு ஒதுக்குங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக இறக்குவது, முட்டியை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை. அப்புறம் மேலே சொன்ன ஒற்றைக்கால் படியிறக்கம். முதுகுப்பையில் அரிசியோ புத்தகமோ போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டுங்கள். சாப்பாட்டிலும் வயதுக்கேற்ற மாற்றம் வேண்டும். வயது கூடியவர்களுக்குத் தசை வளர ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் அளவு புரதம் தேவைப்படுகிறது, இளைஞர்களுக்கு 0.24 போதும். 65 கிலோ ஆளுக்கு 26 கிராம். புட்டும் பழமும் என்று முடித்தால் அதில் பாதிகூட வராது. புட்டும் கடலையும், கூட இரண்டு முட்டை என்றால் பக்கத்தில் வந்துவிடும். மதியம் சாளை மீன் இருந்தால் கவலையே இல்லை.

இறக்கத்தில் இறங்கும் முறையைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டு வீடியோ தேட வேண்டாம். வாகுவாரை பக்கம் சாயங்காலம் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்கி வரும் அக்காக்களைப் பாருங்கள். முட்டியை நீட்டி ஊன்றவே மாட்டார்கள். அடி சின்னது, கால் கொஞ்சம் பக்கவாட்டில், மூட்டை அசையாது. ஒருமுறை நான் தாவி இறங்குவதைப் பார்த்துவிட்டு ஓர் அக்கா, “என்னா சார், ஆடு மாதிரி குதிக்கிறீங்க, நாளைக்கு எப்பிடி நடப்பீங்க?” என்று கேட்டார். அறுபதை நெருங்குகிறவர், நாள் முழுக்க அந்தச் சரிவில்தான் நிற்கிறார்.

இந்தக் கேள்விக்கு நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. ஒருமுறை இறக்கத்தில் அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை முன்பைவிடக் குறைந்த சேதத்தோடு தாங்கும். ஐம்பதுக்கு மேலும் இது வேலை செய்கிறது. எனவே போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு அளவாக ஓர் இறக்க ஓட்டம் ஓடிவிடுவது நான் அறிந்த எந்தத் தைலத்தைவிடவும் மேல். காலை எட்டுக்கு மேல் போங்கள். ‘படையப்பா ரோட்டில் நிற்கிறான்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஊர் இது. படையப்பா இங்கே சுற்றும் காட்டு யானை. அந்தக் கொம்பனிடம் வேக ஓட்டம் செல்லாது.

ஆறாவது வாரப் போட்டிக்கு வருவோம். நான்காம் வாரத்தில்தான் இறக்கத்தில் ஓடத் தொடங்குவீர்கள் என்பதால், நேரத்துக்காக ஓட உங்களிடம் நாள் இல்லை. ஏற்றத்தில் வேகநடை, சமதளத்தில் ஓட்டம், இறக்கத்தில் நடை என்று முடிக்க முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். தூரத்தைப் பார்க்காதீர்கள், மொத்த இறக்கம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள், கடைசி நேர வரம்பையும் பாருங்கள். நடந்து முடிக்கிற அளவுக்கு வரம்பு தளர்வாக இல்லையென்றால், குறைந்த தூரப் பிரிவுக்கு மாற்றித் தர முடியுமா என்று ஏற்பாட்டாளர்களுக்கு இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் நம்பர் அச்சடித்துவிட்டோம் என்பார்கள்.