‘மகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை’

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு, வணக்கம்.

எனக்கு 37 வயது. வேலைக்குப் போகிறேன். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. கணவர் நல்லவர்தான், எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஆனால் வீட்டு விஷயத்தில் விருந்தாளி மாதிரி. இரவு எட்டரைக்கு வருவார், ‘இன்னைக்கு என்ன ரகளை?’ என்று கேட்பார், போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

என் பிரச்சினை மகன். யாருக்கும் எதையும் தரமாட்டான். போன மாதம் வகுப்பில் பக்கத்துப் பையன் கலர் பென்சில் கேட்டதற்கு, பெட்டியை மடியில் அமுக்கிக்கொண்டு அவன் கையைத் தட்டிவிட்டிருக்கிறான். அந்தப் பையன் அழுதுவிட்டான். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. இத்தனைக்கும் தினமும் படுக்கப் போகும்போது அன்பு, இரக்கம் என்று கதை சொல்லித்தான் தூங்க வைக்கிறேன். சுவரில் நட்சத்திர அட்டை ஒட்டினேன். ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் ஒரு பரிசு. முதலில் ஓடி ஓடிச் செய்தான். இப்போது ‘அக்காவுக்கு அந்தத் துண்டை எடுத்துக் கொடு’ என்றால், ‘எத்தனை ஸ்டார்?’ என்று கேட்கிறான்.

எங்களோடு இருக்கும் மாமியார், ‘ஆம்பளப் புள்ளைன்னா அப்படித்தான்’ என்கிறார். கணவர், ‘எல்லாம் நீ குடுக்கிற செல்லம்’ என்கிறார். செல்லம் கொடுக்க எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் இரவு பதினொன்று வரை கால் தரையில் நிற்பதில்லை. மாலை ஆறரைக்கு வேலையிலிருந்து வரும்போதே தலை வெடிக்கும். வந்ததும் வீட்டுப்பாடம், குளியல், சமையல், மறுநாள் துணி.

மகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தங்கமான பிள்ளை. நான் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டாலே தம்பியின் பொம்மைகளை அள்ளி சோபாவுக்கு அடியில் தள்ளிவிடுவாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ‘ஆபீஸ்ல இன்னைக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையேம்மா?’ என்பாள். நான் மகன்மேல் கை ஓங்கினால், ‘நான்தாம்மா பண்ணினேன்’ என்று குறுக்கே வந்து நிற்பாள். அவள் மனசில் கால்வாசி இவனுக்கு இருந்தால் போதும்.

கோபம் வந்தால் கத்துவேன், மறைக்கவில்லை. இரண்டு மூன்று முறை அடித்தும் இருக்கிறேன். அதன்பிறகு மனசு உடைந்துபோய் யாரிடமும் பேசப் பிடிக்காது. சில நாள் மறுநாள் காலைவரை பேசமாட்டேன். கணவர் ஒரு கை கொடுத்தால் எனக்கு ஏன் இந்தக் கோபம் வரப்போகிறது? இதைச் சொன்னால் ‘நீ சொல்லு, செய்யறேன்’ என்பார். சொல்லிக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதானே?

மகனை இரக்கமுள்ளவனாக வளர்ப்பது எப்படி? அவன் அக்கா மாதிரி ஆக நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் களைப்பு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதில் பொய் இல்லை, மிகையும் இல்லை. மகனைப் பற்றிய கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன், அது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. ‘எழுத ஒன்றுமில்லை’ என்று தொடங்கி மகளைப் பற்றி ஐந்தாறு வரி எழுதியிருக்கிறீர்களே, என்னை நிறுத்தியது அதுதான்.

பூட்டில் சாவி திரும்புவதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவில் சில நொடிகள்தான் இருக்கின்றன. அதற்குள் உங்கள் மகள் என்ன செய்கிறாள் பாருங்கள். பொம்மைகளை அவற்றின் இடத்தில் வைக்க நேரமில்லை, அதனால் கண்ணில் படாமல் மறைக்கிறாள். தண்ணீர் கொடுத்த பிறகும் போகாமல் நிற்கிறாள். உங்கள் நெற்றியையும் வாயோரத்தையும் பார்த்து, இன்றைய மாலை எப்படிப் போகும் என்று கணிக்கிறாள். அலுவலகத்தில் பிரச்சினையா என்று அவள் விசாரிப்பது, அங்கே பிரச்சினை என்றால் இங்கே தம்பிக்கு அடி விழும் என்று அவளுக்குத் தெரிந்திருப்பதால்தான். அவள் மனசு நல்ல மனசுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் தங்கம் என்று பாராட்டும் பொறுப்பில் பெரும்பங்கு பயம். அந்தப் பயம் உங்களைப் பற்றியது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வதில் உங்களுக்கு நன்மை இல்லை.

பயத்தில் செய்கிற உதவியும் பிரியத்தில் செய்கிற உதவியும் வெளியிலிருந்து ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பிரித்துப் பார்க்க வழி உண்டு. ‘இப்ப வேண்டாம் கண்ணு, நான் பார்த்துக்கறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். பிரியத்தில் உதவுகிற குழந்தை ‘சரிம்மா’ என்று விளையாட ஓடிவிடும். பயத்தில் உதவுகிற குழந்தைக்கு அந்த ‘வேண்டாம்’ நிம்மதி தராது. அங்கேயே தயங்கி நிற்கும், வேறு வேலை தேடும், ‘கோபமாம்மா?’ என்று கேட்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் மகள் கடைசியாக எப்போது உங்களிடம் அடம்பிடித்தாள்? எப்போது உங்கள்மேல் கோபப்பட்டாள்? தனக்கென்று எதைக் கேட்டாள்? ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை என்றால், அவள் தேவைகளை அடக்கிவைக்கப் பழகிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மனநிலையைத் தாங்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு ‘முடியாது’ என்று சொல்லத் திணறுவார்கள். தோழியிடமும், வேலையிடத்திலும், திருமணத்திலும்.

செய்யாத தப்புக்கு ‘நான்தான் பண்ணினேன்’ என்று குறுக்கே நிற்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பத்து வயதுப் பெண் தன் தம்பியைத் தன் அம்மாவிடமிருந்து காப்பாற்றுகிறாள் என்று அந்த வரியை ஒருமுறை மாற்றிப் படியுங்கள்.

அடி நிற்க வேண்டும், இன்றிலிருந்தே. இதில் பாதிவழி கிடையாது. ஆனால் அடியைவிட மகளை அதிகம் வாட்டுவது, அதற்குப் பிறகு காலைவரை நீளும் உங்கள் மௌனமாக இருக்கலாம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் குழுவினர் 1978-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், பதிலே தராமல் சில நிமிடம் இருக்க வேண்டும். குழந்தை முதலில் அம்மாவைத் திரும்ப இழுக்கப் பார்த்தது. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கியது. சில நிமிட மௌனத்துக்கே அப்படி. பத்து வயதுக் குழந்தைக்கு வார்த்தை இருக்கிறது, ஆனால் ஓர் இரவு முழுவதும் அந்த மௌனத்தின் காரணத்தைத் தன்னிடமே தேடிக்கொண்டிருக்கும். நீங்கள் குற்ற உணர்ச்சியில் வாய்மூடி இருக்கிறீர்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா என்னை வெறுத்துவிட்டாள் என்றுதான் அவளுக்குப் படும்.

அதே ட்ரானிக்கின் பிந்தைய ஆய்வுகளில் உங்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று இருக்கிறது. நல்ல பிணைப்புள்ள தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்த மனநிலையில் இருப்பதில்லை. விலகுகிறார்கள், திரும்பச் சேர்கிறார்கள். அந்தத் திரும்பச் சேருதலில்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது. கத்தாத அம்மாவாக ஒரே நாளில் மாற வேண்டும் என்று உங்களை நான் கேட்கவில்லை. கத்திய பிறகு திரும்பி வருகிற அம்மாவாக மாறுங்கள்.

அதைச் செய்யும் விதம் முக்கியம். கோபம் ஏறும்போது, ‘எனக்கு 10 நிமிஷம் வேணும், அப்புறம் வந்து பேசறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். பத்தாவது நிமிடம் வந்துவிடுங்கள், கோபம் முழுதாகத் தணியாவிட்டாலும். சொன்ன நேரம் தவறினால் அதுவும் பழைய மௌனமாகத்தான் அவளுக்குத் தோன்றும். கத்திவிட்டால், தூங்கப் போகும் முன்பே அவள் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘நான் சத்தம் போட்டேன். அது தப்பு. உன் மேல எந்தத் தப்பும் இல்லை.’ அவ்வளவுதான். இங்கேதான் பல பெற்றோருக்குச் சறுக்கும். ‘ஆனா நீங்களும்…’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் மன்னிப்பு பழியாக மாறிவிடும். அழுதுவிட்டால் அவள் உங்களைத் தேற்ற வந்துவிடுவாள், மறுபடியும் நீங்கள் குழந்தை, அவள் தாய். ‘அம்மாவை மன்னிச்சிட்டியா?’ என்றும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவளால் ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும்.

மாலையில் வாசலில் நின்று, சாவியை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்ததும் முதல் 15 நிமிடம் உத்தரவு எதுவும் வேண்டாம். தரையில் என்ன கிடந்தாலும் கிடக்கட்டும். சமையலும் வீட்டுப்பாடமும் கால்மணி நேரம் தள்ளிப்போவதால் எதுவும் கெட்டுவிடாது. சோபாவுக்கு அடியில் பொம்மை இல்லாமல், நடு ஹாலிலேயே கிடக்கும் நாள் வந்தால், அதைத் திட்டுவதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நல்ல அறிகுறி.

உங்கள் கணவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ‘நீ சொல்லு, செய்யறேன்’ என்றால் யோசிக்கிற வேலை முழுவதும் உங்களிடமே தங்கிவிடுகிறது. அதனால் உதவி கேட்காதீர்கள், ஒரு வேலையை அடியோடு ஒப்படையுங்கள். மாலையில் அவர் இல்லை, காலையில் இருக்கிறார் அல்லவா? பிள்ளைகளை எழுப்புவதிலிருந்து பையோடு வாசல் தாண்டும்வரை அவர் பொறுப்பு. பள்ளியிலிருந்து வரும் தகவல்களைப் படித்து, நினைவில் வைத்து, ஆக வேண்டியதைச் செய்வதும் அவரே. இந்த ஏற்பாடு பெரும்பாலும் உடைவது முதல் வாரத்தில், அவர் செய்ததை மனைவி திருத்தும்போதுதான். சாக்ஸ் ஜோடி மாறிப் போனால் மாறிப் போகட்டும். குறைந்தது மூன்று வாரம் நினைவூட்டவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அவரிடம் பேசும்போது உங்கள் களைப்பைச் சொல்வதோடு மகளைப் பற்றி நான் எழுதியதையும் படித்துக் காட்டுங்கள்.

இப்போது மகன். உங்கள் வீட்டில் ‘மாட்டேன்’ என்று சொல்லத் துணிந்த ஒரே குழந்தை அவன்தான். அந்தத் துணிச்சலை உடைத்துவிடாதீர்கள், திசை மட்டும் மாற்றினால் போதும். ‘அக்கா மாதிரி இரு’ என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். அவனுக்கு அது அக்காமேல் வெறுப்பு, அவளுக்கு அது கழற்ற முடியாத வேஷம்.

நட்சத்திர அட்டை ஏன் தோற்றது என்பதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. உளவியலாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 20 மாதக் குழந்தைகள் உதவியபோது சிலருக்குப் பொருளாகப் பரிசு கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாத நிலையில் பார்த்தால், பரிசு பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். உதவுவதில் தானாக இருந்த விருப்பத்தைப் பரிசு ஓரம்கட்டிவிடுகிறது. உங்கள் மகன் விலை கேட்கிறான் என்றால், கற்றுக்கொடுத்ததைச் சரியாகத்தான் கற்றிருக்கிறான். சேர்ந்த நட்சத்திரங்களுக்குப் பரிசைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டு, அட்டையை எடுத்துவிடுங்கள். தண்டனை போலப் பிடுங்க வேண்டாம்.

பென்சில் விவகாரத்தில், ‘ஸாரி சொல்லு’ என்று வற்புறுத்தினால் அந்தச் சொல்லைத்தான் கற்பான். தன் செயல் அடுத்தவருக்கு என்ன செய்தது என்று குழந்தைக்கு எடுத்துச் சொல்லும் வளர்ப்பை உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் 1960-களிலிருந்து ஆராய்ந்தார். அதட்டலையும் அடியையும்விட அதுவே பிறர்மேல் அக்கறையை வளர்க்கிறது என்று கண்டார். அவனிடம் இரண்டே வாக்கியம் போதும்: ‘நீ தட்டிவிட்டதும் அவன் அழுதான். கை வலிச்சிருக்கும், எல்லாரும் பார்த்தது வெட்கமாவும் இருந்திருக்கும்.’ பிறகு, ‘அவனுக்கு நீ என்ன செய்யலாம்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் அவனுடையதாக இருக்கட்டும். பென்சிலில் சிலவற்றை ‘யாருக்கும் தரவேண்டாம்’ என்று அவனுக்கே ஒதுக்கி, மற்றவற்றைப் பகிர்வதற்கென்று வைக்கச் சொல்லுங்கள். தன்னுடையது பத்திரம் என்று தெரிந்தால் மடியில் அமுக்குவது குறையும்.

மாமியாரின் அந்த வாக்கியத்தை நீங்கள் மென்மையாக மறுத்தே ஆக வேண்டும். அதைக் கேட்பவன் மகன் மட்டும் இல்லை. பெண்ணாகப் பிறந்தால் தண்ணீர் கொண்டுவந்து முகம் பார்த்து நிற்க வேண்டும் என்று மகளுக்கும் அது சொல்கிறது.

மகளுக்கு அடிக்கடி காரணமில்லாத வயிற்றுவலி, தூக்கம் கலைவது, நகத்தையோ முடியையோ பிய்ப்பது, சின்னத் தவறுக்கும் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது என்று ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், குழந்தைகள் மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். உங்கள் கோபம் கைமீறிப் போகிறது என்று தோன்றினால் உங்களுக்காகவும் தனியாக ஒருவரைப் பாருங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

இவற்றைச் செய்யத் தொடங்கினால் மகள் உடனே சிரித்து விளையாட மாட்டாள். முதலில் நம்ப மாட்டாள். பிறகு ஒருநாள், நீங்கள் தண்ணீர் கேட்கும்போது, ‘படிச்சிட்டிருக்கேம்மா, நீயே எடுத்துக்கோ’ என்பாள். சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அப்போது ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு, போய் எடுத்துக் குடியுங்கள். அந்த நாள் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.