அப்புச்சி விட்டுச்சென்ற ரிவால்வர்

கேள்வி: என் அப்புச்சி உரிமத்தோடு வைத்திருந்த பழைய ரிவால்வர், அவர் காலமான பிறகு பீரோவிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் ‘வெப்லி மார்க் 6’ என்றும் 1917 என்றும் பொறித்திருக்கிறது. தோட்டாக்கள் உட்காரும் உருளையின் பின்முகம் மட்டும் கடைந்தெடுத்ததுபோலப் பளபளக்கிறது. .45 பிஸ்டல் தோட்டாவை அரைவட்டத் தகட்டில் கோத்துப் போட்டால் கச்சிதமாக உட்காரும் என்கிறார் என் மாமன். தோட்டத்தில் பன்றித் தொல்லை. சுட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: வேண்டாம் தம்பி. மாமனிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

மார்க் 6 ரிவால்வரை 1915இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டது. ஆறு அங்குலக் குழல், ஒரு கிலோவுக்குச் சற்று மேலான எடை. அதற்குரிய தோட்டா .455. பிற்பாடு படை கழித்துவிட்டவற்றில் ஏராளமானவை அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அங்கே .455 தோட்டா கிடைப்பது அரிது; உங்கள் மாமன் சொல்லும் .45 ஆட்டோமேட்டிக் பிஸ்டல் தோட்டா எங்கும் கிடைத்தது. அதனால் உருளையின் பின்முகத்தைக் கடைந்து இடம் உண்டாக்கி விற்றார்கள். துருத்திய விளிம்பு இல்லாத .45 தோட்டாவை மூன்று மூன்றாகத் தகட்டில் கோத்தால்தான் அதில் நிற்கும். உங்களிடம் இருப்பதும் அப்படிக் கடைந்ததாகவே தெரிகிறது. உருளைக்கும் அதன் பின்னால் உள்ள உடலுக்கும் நடுவே இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருந்தால் ஐயமே வேண்டாம்.

தோட்டா உள்ளே நுழைவது வேறு, துப்பாக்கி அதைத் தாங்குவது வேறு. பட்டாளத்தில் ஆயுதப் பழுதுபார்ப்பில் இருந்த காலத்தில் இளைஞர்களிடம் நான் ஓயாமல் சொன்னது இதைத்தான். .455 வெடிக்கும்போது எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு. .45 தோட்டாவில் அது 21,000 வரை போகும். மார்க் 6 நடுவில் மடங்கும் துப்பாக்கி. குழலையும் உடலையும் இறுக்கிப் பிடிப்பது மேலே உள்ள கொக்கி ஒன்றுதான். ஆறு குண்டு பழுதில்லாமல் போனாலும் அது தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. கொக்கி தளர்வதும் உருளையில் விரிசல் விழுவதும் வெளியே தெரியாமல் நடக்கும். உருளை பிளந்தால் போவது உங்கள் விரல்களும் கண்ணும்.

பழைய .455 தோட்டா கிடைத்தாலும் போடாதீர்கள். கடைந்த உருளையில் அது பின்பிடிப்பு இல்லாமல் ஆடும். தோட்டாவின் பித்தளைக் கூடு பின்பக்கம் கிழியலாம். கோவை லேத்துப் பட்டறையில் ஒரு வளையம் கடைந்து ஈடுகட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். நம் ஊர்க் கடைசல்காரர்களின் கைத்திறனில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும்.

அதைவிட அவசரமான விஷயம், அப்புச்சியின் உரிமம் உங்களுக்குச் செல்லாது. சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வதுபோல, தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ அதை ஒப்படையுங்கள். நிலையத்துக்கு முதலில் தொலைபேசியில் தகவல் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தோட்டா இருக்குமோ என்ற ஐயம் இருந்து, மடக்கும் நெம்புகோலும் துருப்பிடித்து இறுகியிருந்தால், தட்டித் திறக்கப் பார்க்காமல் அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் அம்மா பின்னர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். உரிமம் இருந்தாலும் நாமாகச் சுட முடியாது.

கேள்வி: உரிமம் பெற்ற என் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, தோல் உறையிலேயே வைத்திருக்கிறேன். சரிதானா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டும் சரியில்லை. தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாக இறுகி, நகரும் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கிக்கென்று விற்கும் கனிம எண்ணெயை மெல்லிதாகப் பூசினால் போதும். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; உங்கள் ஊர் மழைக்காலத்தில் உறைக்குள்ளேயே துரு ஏறிவிடும். உறையைத் தனியாகத் தொங்கவிட்டு, துப்பாக்கியைப் பூட்டிய இரும்புப் பெட்டியிலும் தோட்டாக்களை வேறொரு பூட்டிலும் வையுங்கள்.