கேள்வி – பதில்: நிசேயா முதல் வடக்கன்குளம் வரை

(கிறிஸ்தவத்தின் வரலாறு, போதனை ஆகியவை குறித்துப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்)

கேள்வி: “325ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தினார், அதில்தான் எந்தெந்த நூல்கள் பைபிளில் இடம்பெறலாம் என்பதும், இயேசு கடவுள் என்பதும் முடிவாயின” என்று என் அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? – வாசகர், அல்சூர்

உங்கள் நண்பர் சொன்னதில் ஆண்டும் ஊரும் பேரரசரின் பெயரும் சரி. இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்று வழங்கும் ஊரில் ஆயர்களைக் கூட்டியவர் கான்ஸ்டன்டைன்தான். ஆனால் அந்தச் சங்கம் இயற்றிய இருபது விதிகளில், எந்த நூல் வேதம், எது வேதமன்று என்ற பேச்சே கிடையாது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கூட்டாமல் குறைக்காமல் இடம்பெறும் முதல் பட்டியல், 367இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் தம் சபைகளுக்கு எழுதிய உயிர்ப்புவிழாக் கடிதத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது. அதற்குப் பிறகும்கூட எல்லாத் திருச்சபைகளும் ஒரே பட்டியலுக்கு வந்துவிடவில்லை. எத்தியோப்பியத் திருச்சபையின் வேதாகமம் இன்றும் மற்றவர்களுடையதைவிடப் பெரியது.

இயேசுவைக் கடவுளாக வணங்கும் வழக்கமும் நிசேயாவில் பிறந்ததன்று. அந்த நிசேயா அடங்கிய பித்தினியா பகுதியை ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் ஆண்ட ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் நம் கையில் இருக்கிறது. நிசேயாவில் நடந்த சண்டை வேறு. இறைமகன் தந்தைக்கு நிகரானவரா, என்றும் இருப்பவரா, அல்லது எல்லாவற்றுக்கும் முன்னர்ப் படைக்கப்பட்டவரா என்பதே அங்கு வழக்கு. படைக்கப்பட்டவர் என்று வாதிட்ட அலெக்சாந்திரியக் குரு ஆரியுஸும் இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை.

இப்படி எழுதுவதால் நான் திருச்சபைக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ணவேண்டாம். தவறான குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு வருபவர், சரியான குற்றச்சாட்டிலிருந்து எதிராளியைத் தப்பவிடுகிறார் என்பதே என் வருத்தம். நிசேயாவில் உண்மையாகவே கேட்கவேண்டிய கேள்வி, ஒரு சமயக் கருத்தை ஏற்காதவரை நாடுகடத்தும் அதிகாரம் அரசிடம் எப்படி வந்தது, அதை ஆயர்கள் ஏன் வரவேற்றார்கள் என்பதாகும். கையெழுத்திட மறுத்த இரண்டு ஆயர்களும் ஆரியுஸும் நாடுகடத்தப்பட்டார்கள்; பிறகு அரண்மனைக் காற்று திசை மாறியதும், நிசேயாவின் காவலரான அத்தனாசியாரையே அதே கான்ஸ்டன்டைன் 335இல் நாடுகடத்தினார். 337இல் மரணப் படுக்கையில் அந்தப் பேரரசருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் ஆரியுஸின் ஆதரவாளராக இருந்த ஓர் ஆயர்தான்.

303இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களின் வேதநூல்களைக் கைப்பற்றி எரிக்க ஆணையிட்டார். 380இல் பேரரசர் தியோடோசியஸ், நிசேயாவின் நம்பிக்கையை ஏற்காதவர்கள் தண்டனைக்குரியவர்கள் என்று ஆணையிட்டார். 385 வாக்கில், ஸ்பெயின் நாட்டு ஆயர் பிரிசில்லியன், சக ஆயர்கள் தொடுத்த வழக்கில் மாந்திரீகக் குற்றம் சாட்டப்பட்டு, டிரியர் நகரில் பேரரசர் மாக்சிமஸின் ஆணையால் தலை வெட்டப்பட்டார். தூர் நகர மார்ட்டின் போன்ற சில ஆயர்கள் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். துன்புறுத்தப்பட்ட சமயம் துன்புறுத்தும் சமயமாக மாற, நூறாண்டுகள்கூட ஆகவில்லை. உங்கள் நண்பருடன் அடுத்த முறை விவாதிக்கும்போது இந்தப் பக்கம் பேச்சைத் திருப்புங்கள்.

கேள்வி: டிசம்பர் 25 சூரியக் கடவுளின் பண்டிகை என்பது சரியா? – வாசகி, கே.ஆர்.புரம்

நற்செய்தி நூல்கள் எதிலும் இயேசு பிறந்த தேதி கிடையாது. டிசம்பர் 25ஐக் குறிப்பிடும் மிகப் பழைய சான்று, 354இல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு பட்டியல். சூரியனின் விழாவைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்பார் ஒரு சாரார். இயேசு கருவில் உருவான நாள் மார்ச் 25 என்று முன்பே கணக்கிட்டு, அதனுடன் ஒன்பது மாதங்களைக் கூட்டினார்கள் என்பார் மறுசாரார். வழக்கு முடிந்தபாடில்லை. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது. இது பெரிய பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: புனித தோமையார் மயிலாப்பூருக்கு வந்ததற்கு ஆதாரம் உண்டா? வீட்டில் பாட்டி ஆண்டுதோறும் பரங்கிமலைக்குப் போய்வருகிறார். கல்லூரியில் படிக்கும் தம்பி, அது போர்ச்சுகீசியர் கட்டிய கதை என்கிறான். – வாசகி, பிரேசர் டவுன்

இருவரும் பாதி வழியில் நிற்கிறார்கள். தோமாவை இந்தியாவுடன் சேர்த்துப் பேசும் பழைய நூல் ‘தோமாவின் பணிகள்’ என்பது. அது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழி வழங்கிய எடெசா வட்டாரத்தில் எழுதப்பட்டது. தோமா சென்று சேர்வதாக அது சொல்லும் நாட்டின் மன்னர் குந்தபர். அப்பெயருடைய மன்னரின் காசுகள் 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதிகளிலும் ஆப்கானிஸ்தானிலும் கிடைத்தன. ஆகவே நூலில் ஏதோ ஒரு வரலாற்று நினைவு இருக்கிறது. ஆனால் அந்த நினைவு சுட்டுவது தட்சசீலத்தின் பக்கம். மயிலாப்பூரின் பெயரே அதில் இல்லை. தோமாவைக் கொல்பவர்களும் அங்கே ஒரு மன்னரின் படைவீரர்கள்தான். பிராமணர் குத்திக் கொன்றார் என்ற கதை பிற்காலத்தது.

அதே சமயம், முழுவதும் போர்ச்சுகீசியர் கட்டிய கதை என்பதும் நில்லாது. அவர்கள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், சோழமண்டலக் கரையில் தோமாவின் கல்லறை இருப்பதாகவும் மக்கள் அங்கே யாத்திரை செல்வதாகவும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த சிலுவையைச் சுற்றியுள்ள பஹ்லவி எழுத்துகள், பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர்கள் இங்கே வெகுகாலம் முன்பே வாழ்ந்ததைக் காட்டுகின்றன. முதல் நூற்றாண்டில் ஒரு திருத்தூதர் வந்தார் என்பதற்கு மட்டும் அந்த நூற்றாண்டின் சான்று ஒன்றுகூட இல்லை.

தோமா மரபைச் சொல்லிப் பெருமை கொள்ளும் ரோமைத் திருச்சபையின் பிரதிநிதிகள், அந்த மரபைக் காத்துவந்த கேரளச் சிரியக் கிறிஸ்தவர்களை நடத்திய விதத்தையும் உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள். 1599இல் உதயம்பேரூரில் கூட்டிய சங்கத்தில் கோவா பேராயர் மெனேசஸ் அவர்களின் வழிபாட்டைத் திருத்தினார், சிரியாக் நூல்களைக் குற்றம் சாட்டினார். பல நூல்கள் தீக்கிரையாயின. டயோக்ளீஷியன் செய்ததை இம்முறை செய்தவர் ஒரு பேராயர். 1653இல் மட்டாஞ்சேரியில் திரண்ட அந்த மக்கள், இயேசு சபை (ஜெசுயிட்) துறவியரின் ஆளுகையை இனி ஏற்பதில்லை என்று கூனன் சிலுவையைச் சாட்சியாக்கிச் சத்தியம் செய்தார்கள்.

கேள்வி: “கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, சாதி பார்ப்பது நம் சமூகத்தின் குற்றம், மதத்தின் குற்றம் அன்று” என்கிறார் எங்கள் பங்குத்தந்தை. ஆனால் செப்டம்பர் 8 திருவிழாவில் தோளோடு தோள் நின்று தேர் பார்க்கும் எங்கள் குடும்பங்கள், வரன் தேடும்போது மட்டும் சாதியைக் கேட்கின்றன. சொந்த ஊரில் கல்லறைத் தோட்டமே தனித்தனி. யார் சொல்வது சரி? – வாசகர், சிவாஜிநகர்

போதனையில் இல்லை என்பது பாதி உண்மை. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதினார் பவுல். ஆனால் அவர் பெயரிலேயே உள்ள எபேசியர் நிருபம், அடிமைகள் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிவதுபோலத் தம் எஜமானருக்குப் பயத்தோடும் நடுக்கத்தோடும் கீழ்ப்படியவேண்டும் என்கிறது. ஆவியில் சமம், நிலத்தில் அவரவர் இடம் என்ற இந்த ஏற்பாடு வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழகத்துக்கு வந்தவர்கள் அதைத்தான் விரித்தார்கள்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தின் அடையாளங்களே தவிரச் சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். அவரது தமிழ்ப் புலமையும் துறவுக்கோலமும் வியக்கத்தக்கவை. ஆனால் அந்த வாதத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பாராட்டுபவர்கள் கேட்பதில்லை. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஒடுக்கப்பட்டோருக்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் பிரிவு உருவானது. பறையர் வீடுகளுக்குள் சென்று நோயாளிகளுக்கு இறுதி அருட்சாதனம் தரக் குருமார் தயங்கியதை, 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் கண்டித்தார். நாற்பதாண்டுச் சண்டைக்குப் பிறகு 1744இல் பதினான்காம் பெனடிக்ட் சொன்ன சமரசம், அம்மக்களுக்கென்று தனி மறைப்பணியாளர்களை ஒதுக்குவதாக அமைந்தது. ஆகவே, சாதி வெளியிலிருந்து கசிந்து கோயிலுக்குள் வந்தது என்று உங்கள் பங்குத்தந்தை சொல்வாரானால், அதற்கு ரோமாபுரியின் முத்திரையோடு வாசல் திறக்கப்பட்ட ஆண்டுகளை அவரிடம் மரியாதையோடு நினைவூட்டுங்கள்.

உங்கள் சிவாஜிநகரோடு தொடர்புடைய ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. இன்றைய புனித மரியன்னை பேராலயத்தின் முன்னோடியான சிற்றாலயத்தைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் பிரெஞ்சுக் குரு ஆபே துபுவா, மைசூர் நாட்டில் பல்லாண்டுகள் ஊழியம் செய்தவர். இந்துச் சமூகத்தின் பழக்கவழக்கங்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் அவர், சாதி அமைப்பைக் குறையென்று சொல்லாமல், சட்டம் வகுத்தவர்களின் மேன்மையான படைப்பாகப் போற்றுகிறார். 1823இல் நாடு திரும்பியபின், இந்துக்களை மனம் மாற்றுவது ஆகாத காரியம் என்று வாதிடும் கடிதங்களையும் நூலாக வெளியிட்டார்.

சீர்திருத்தச் சபையினர் மேலானவர்கள் என்று அவர்களும் மார்தட்டவேண்டாம். 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, எல்லோரும் கலந்து அமரவேண்டும் என்று வற்புறுத்திய புதிய மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர், இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயிலைப் பாருங்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து விரியும் மண்டபங்கள் இரண்டு, வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. கால்சட்டைக் கோயில் என்று ஊரார் வைத்த பெயரைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்த நாத்திகரும் எழுதியதில்லை. 1910இல் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டபோது வேளாளர்கள் நீதிமன்றம் சென்று தோற்றார்கள்.

மறுபக்கமும் உண்டு. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்குப் போராடியபோது மிஷனரிமார் அவர்களுடன் நின்றார்கள். 1859இல் மன்னர் இறங்கிவந்தார். மதம் மாறியதால் கல்வியும் தன்மானமும் பெற்றவர்கள் ஏராளம். இருப்பினும், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தி, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரித்தபின், தலித் கிறிஸ்தவருக்கும் அது வேண்டும் என்று ஆயர்களே கோருகிறார்கள். அந்தக் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆனால் தம் மந்தையில் தீண்டாமை இருக்கிறது என்று அரசிடம் மனுக் கொடுத்துவிட்டு, ஞாயிறு பிரசங்கத்தில் அது இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணம் அதை ஒப்புக்கொண்டுவிட்டது. அதன் பிரதி ஒன்றைப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இவற்றுக்கெல்லாம் திருச்சபை மன்னிப்புக் கேட்டதுண்டா? – வாசகர், ஜீவன்பீமா நகர்

கேட்டதுண்டு, பொதுவாகவும் தாமதமாகவும். கலிலியோவுக்கு 1633இல் அளித்த தீர்ப்பின் தவறு 1992இல் ஏற்கப்பட்டது. 2000 மார்ச் 12இல் இரண்டாம் ஜான் பால், உண்மையின் பெயரால் இழைத்த வன்முறைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். பிற சமயத்தவரை நிரந்தர அடிமைகளாக்கப் போர்ச்சுகல் மன்னருக்கு 1452இல் உரிமை கொடுத்த திருத்தந்தையின் ஆணையையும் அதன் வழிவந்த ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டையும்’ பற்றி வத்திக்கான் 2023இல் பேசியபோது, அக்கோட்பாடு கத்தோலிக்கப் போதனை அன்று என்றும், அந்த ஆணைகளை ஆட்சியாளர்கள் தம் நலனுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றும் விளக்கியது. ஆணையில் கையெழுத்திட்டவர் ஒரு திருத்தந்தை என்ற செய்தி அந்த விளக்கத்தில் மங்கிவிடுகிறது. 1560 முதல் 1812 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, கோவாவில் நடந்த சமய விசாரணை மன்றத்தில் பெரும்பாலும் விசாரிக்கப்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்ற நம் நாட்டு மக்களே. பழைய வழக்கங்களை விடவில்லை என்பது அவர்கள்மேல் சாட்டிய குற்றம். 2000ஆம் ஆண்டின் அந்த மன்றாட்டில் கோவாவின் பெயர் இல்லை. உதயம்பேரூரின் பெயரும் இல்லை.