கல்லூரி மாணவர் தலைமைத்திறனில் ஆண், பெண் வேறுபாடு: கேள்வி பதில்

கேள்வி (இளநிலை மாணவி): தலைமைத்திறன் வளர்வதில் ஆண், பெண் வேறுபாடு உண்மையிலேயே உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பலரும் எண்ணுகிற திசையில் அன்று. 2006-இல் அமெரிக்காவின் 52 வளாகங்களில் 50,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வில், கூடிப் பணியாற்றுதல், ஏற்ற பொறுப்பில் உறுதியாக நிற்றல் போன்ற பண்புகளில் மாணவியரே பெரும்பாலும் முன்னின்றனர். 'என்னால் தலைமை தாங்க முடியும்' என்னும் நம்பிக்கையை அளந்தபோதோ ஆண்கள் முந்தினர். இரண்டுமே மாணவர்கள் தமக்குத் தாமே இட்ட மதிப்பெண்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி (பேராசிரியர்): மாணவியர் தலைவர் பதவிக்குப் போட்டியிடத் தயங்குவது ஏன்?

பதில்: 1969 முதல் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இதே கேள்வியை ஆராய்ந்து 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அமைப்புகளுக்காக உழைப்பதில் மாணவியர் எவ்வகையிலும் குறைந்தவர்களாக இல்லை. ஆயினும் எல்லோர் கண்ணிலும் படும் பதவிகளை விடுத்து, பின்னணிப் பணிகளையே அவர்களுள் பலர் விரும்பி ஏற்றனர். தலைவர் பதவிக்கு நிற்க எண்ணிய சிலரிடம், துணைத் தலைவர் பதவியே பொருத்தம் என்று உடன் பயில்வோரே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே முழுப் பழியையும் தயக்கத்தின்மேல் போடுவது நியாயமன்று என்பதே என் கருத்து.

கேள்வி (முதுநிலை மாணவர்): பதவிக்கு வந்தபின் யார் சிறப்பாகச் செயல்படுகிறார்கள்?

பதில்: 95 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில் ஒட்டுமொத்தமாக வேறுபாடு காணப்படவில்லை. தம்மைத் தாமே மதிப்பிட்டபோது ஆண்களும், பிறர் மதிப்பிட்டபோது பெண்களும் கூடுதல் மதிப்பெண் பெற்றனர்.

கேள்வி (மாணவர் அமைப்பின் ஆலோசகர்): நான் என்ன செய்யலாம்?

பதில்: பொது அறிவிப்போடு நிறுத்திவிடாமல், தகுதியுள்ளவரைத் தனியே அழைத்து, 'நீங்கள் போட்டியிட வேண்டும்' என்று சொல்லுங்கள், யாரேனும் ஒருவர் அவ்வாறு ஊக்கியதாலேயே முன்வந்த மாணவியர் பலர். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எப்போதும் ஒரு பெண்ணிடமே போய்ச் சேர்கிறதா என்றும் கவனியுங்கள். சிறிய விஷயந்தான், ஆனால் குனிந்து எழுதிக்கொண்டிருப்பவர் விவாதத்தை நடத்த முடியாது.

கேள்வி (அதே ஆலோசகர்): அப்படியானால் ஆண் மாணவர்களுக்குப் பயிற்சி தேவையில்லையா?

பதில்: தேவை, வேறு வகையில். மாறுபட்ட பின்னணியும் கருத்தும் உடையவர்களோடு அடிக்கடி உரையாடுவது இரு பாலாரின் தலைமைப் பண்போடும் வலுவாகத் தொடர்புடையது என்று முதலில் சொன்ன ஆய்வே காட்டியது. நம்பிக்கை ஏற்கெனவே மிகுந்திருக்கும் ஆண் மாணவருக்கு மேடைப்பேச்சுப் பயிற்சியைக் காட்டிலும் அத்தகைய உரையாடலே கூடுதலாகப் பயன்படும் என்று கருதுகிறேன்.